பில்லில் யார் கையெழுத்து?

"பழைய வண்டி எடுத்தா ஓனர்கிட்ட நேரா எடு. யார்டு பக்கமே போயிராத." மதுரையில் கார் வாங்கும் பேச்சை எடுத்த வீட்டில் இந்த அறிவுரை வந்து விழாமல் இருக்காது. மாமா சொல்வார், மெக்கானிக் சொல்வார், வாழ்நாளில் ஒரே ஒரு கார் வாங்கியவரும் சொல்வார். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் நோக்கிப் போகும் பைபாஸ் ரோட்டில் கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கும் கார்களைப் பார்த்தபடியே, "இவங்ககிட்ட வாங்கினா அவ்வளவுதான்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போகிறோம்.

இந்த அறிவுரை பழையது, ஆபத்தானது. அன்றாடம் ஓடும் சின்னக் காருக்கு இது பாதி தவறு. வேகமான ஸ்டேஷன் வேகனுக்கு முழுக்கத் தவறு. அப்படிப்பட்ட ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருப்பவர் இந்த அறிவுரையை நம்பி முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு வாசலில் முப்பது லட்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தால், சட்டம் அவருக்காக நீட்டி வைத்திருக்கும் கையை அவரே தட்டிவிட்டார் என்று அர்த்தம்.

முதலில், எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கியும் உள்ளறையும் ஒன்றாக இருக்கிற கார்தான் ஸ்டேஷன் வேகன். 1992இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்ட்டுரா, டாடா இண்டிகோ மரீனா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வரிசையாக வந்தன, எதுவும் நிலைக்கவில்லை. ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று நம் ஆட்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் கதை வேறு. 1994இல் ஆடி நிறுவனம் போர்ஷேயோடு சேர்ந்து 315 குதிரைத்திறனில் ஆர்எஸ்2 அவான்ட் என்ற வேகனைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ 850 வேகன் மற்ற கார்களோடு முட்டி மோதி ஓடியது. குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு பந்தயக் காரைப் போல ஓடும் ஒரு வண்டி, அங்கே பழகிப்போன ஆசை.

அந்த ஆசையில் சில துளிகள் இங்கேயும் விழுந்தன. 2015இல் ஆடி ஆர்எஸ்6 அவான்ட் 1.35 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. 4 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.9 விநாடியில் தொடும். டிக்கியில் 565 லிட்டர் இடமும் இருக்கும். 2017இல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி 60 லட்சம் ரூபாய் அளவில் வந்தது: 235 குதிரைத்திறன் டீசல், தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம். நம் ஊர் வேகத்தடைகளுக்கும் மழைக்காலத் தேனி ரோட்டுக்கும் அளவெடுத்தது போன்ற வண்டி அது. இவற்றுக்குக் கை எட்டாதவர்கள் தேடிப் போவது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். அது வேகன் இல்லைதான். ஆனாலும் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுதாக மேலே தூக்கும், 590 லிட்டர் சாமான் பிடிக்கும். 2020இல் வந்த 245 குதிரைத்திறன் பதிப்பில் இந்தியா முழுவதற்கும் ஒதுக்கப்பட்டவை 200 வண்டிகள் மட்டுமே.

அந்த 200 என்ற எண்ணிலேயே நம் அறிவுரையின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. ஓனரிடம் நேரடியாக வாங்கு என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம், அந்த ஓனர் தெரிந்தவராக இருந்தார் என்பது. எஸ்.எஸ். காலனி வங்கி மேலாளரின் கார், பொன்மேனி டாக்டரின் கார். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார், எங்கே இடித்தார், மகன் எப்படி ஓட்டினான் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். ஏமாற்றினால் அடுத்த கல்யாண வீட்டில் முகத்தில் விழிக்க முடியாது என்ற கட்டுப்பாடு அவருக்கு இருந்தது. உண்மையில் நம் பெரியவர்கள் ஓனரை நம்பவில்லை; ஊரை நம்பினார்கள். மதுரையின் டிஎன் 58, 59, 64 எண் பலகையோடு ஒரு வேகமான வேகன் விற்பனைக்கு வருவது அபூர்வம். அது பெங்களூரில் இருக்கும், கொச்சியில் இருக்கும், டெல்லியில் இருக்கும். தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து அங்கிருந்து தெற்கே இறங்கும் கார்களும் கூடின. அங்கே இருக்கும் ஓனர் நமக்கு யார்? ஒரு மணி நேரம் பார்த்த முகம், ஒரு கைபேசி எண், அவ்வளவுதான். தெருவின் கட்டுப்பாடு அவரை எட்டாது. அப்போது மிச்சம் இருப்பது சட்டத்தின் கட்டுப்பாடு ஒன்றுதான். அது யார்மீது விழுகிறது என்று பாருங்கள்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அதன் 16ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கைத் தருகிறது: அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து, இன்ன பொருள் என்ற விவரத்தின் பேரில் வாங்கினால், பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே எழுதப்பட்ட நிபந்தனை. கார் விற்பது பைபாஸ் ரோட்டு யார்டுக்காரரின் தொழில்; இந்த நிபந்தனை அவரைக் கட்டும். பெங்களூர் ஓனர் தன் ஒரே காரை விற்கிறார். கார் விற்பது அவர் தொழில் இல்லை. அவரை இந்த நிபந்தனை கட்டாது. அவர் பொய் சொன்னார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கோடுதான் ஓடுகிறது. 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் வணிகருக்கு எதிராகப் புகார் செய்ய வழி தருகிறது. சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிமனிதர் அதன் பார்வையில் வணிகர் இல்லை. டீலர் உங்களுக்கு விற்ற வண்டியின் கியர்பாக்ஸ் மூன்றாவது வாரம் படுத்துவிட்டால், 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 20 முதல் 50 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் 1,000 ரூபாய். அதே குறையோடு தனி ஓனர் விற்றிருந்தால் சிவில் நீதிமன்றம்தான் கதி. தமிழ்நாட்டில் தொடுக்கும் பண வழக்குக்கே கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 30 லட்சம் கேட்டால் 90,000 ரூபாய். வக்கீல் கட்டணமும் வாய்தாவும் தனி.

கம்பெனி பெயரில் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்று வியாபாரிகள் சிலர் நினைக்கிறார்கள். நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சொகுசுக் கார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தக் கதவும் அடைபடவில்லை.

"சட்டமெல்லாம் சரி, யார்டுக்காரன் புக்கில் பெயர்கூட மாற்றித் தரமாட்டானே" என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. பல ஆண்டுகளாக நடந்தது அதுதான். ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29லும் 30லும் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, தேதியும் பெயரும் போடாமல், வண்டி நான்கு கை மாறும். முதல் ஓனருக்கோ வண்டி எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. அந்த வண்டி யாரையாவது இடித்தால் வழக்கு முதல் ஓனர் வீட்டுக் கதவைத் தட்டும். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் பெரியவர்களின் எச்சரிக்கை இந்த அனுபவத்தில் பிறந்தது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் நேரும் எதற்கும் அவர் பொறுப்பு. வண்டியை எதற்காக வெளியே எடுத்தார், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். ஆர்சி புதுப்பிப்பு, தடையின்மைச் சான்று, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. தனி ஓனர்மீது இத்தனை கடமைகளில் பாதிகூடக் கிடையாது.

எல்லா யார்டுக்காரர்களும் இந்தச் சான்றை வாங்கிவிட்டார்களா? இல்லை. வாங்காதவரிடம் வாங்காதீர்கள். "டீலரிடம் வாங்காதே" என்ற அறிவுரை "சான்று இல்லாத டீலரிடம் வாங்காதே" என்று மாறினால் நான் அதன் பக்கம் வந்துவிடுகிறேன்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வெளியில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதது; தொழிலில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாதது. யார்டில் நிற்கும் எல்லா வண்டியும் யார்டுக்குச் சொந்தமில்லை. அதிலும் விலை கூடிய வண்டிகளை டீலர்கள் தம் பணத்தைப் போட்டு வாங்கத் தயங்குவார்கள். 40 லட்சத்தை ஒரே வண்டியில் முடக்கிவிட்டு, அதை விரும்பும் ஒரு ஆளுக்காக ஆறு மாதம் காத்திருக்க முடியாது. அதனால் ஓனரின் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள், விற்றால் கமிஷன். பார்க்கிங் சேல் என்பது அதுதான். அந்த விற்பனையில் ரசீது ஓனர் பெயரில் வரும், பணம் ஓனர் கணக்குக்குப் போகும், டீலரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. நாம் டீலரிடம் வாங்கியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் தனி ஓனரிடம்தான் வாங்கியிருப்போம். டீலரின் விலை, ஓனரின் பாதுகாப்பின்மை என்று இரண்டு நஷ்டமும் ஒரே வண்டியில் சேரும். யார்டுகளைப் பற்றிய கசப்பில் பெரும்பங்கு இப்படி வந்தது என்பது என் எண்ணம். ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "பில் யார் பெயரில் வரும்?" ஜிஎஸ்டி எண்ணோடு உங்கள் கடை பில் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

விலை அதிகமா என்றால், அதிகம்தான். 30 லட்சத்துக்கு எடுத்த வண்டியை டீலர் 33 லட்சத்துக்கு விற்றால், 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் எடுத்த முடிவுப்படி அந்த 3 லட்சம் வித்தியாசத்துக்கு 18 சதவீதம், அதாவது 54,000 ரூபாய் வரி. மிச்சத்தில்தான் அவருடைய வாடகை, சம்பளம், லாபம். இந்தக் கூடுதல் தொகையைத் தண்டச் செலவு என்று சொல்பவர்கள், அதில் பொறுப்பு ஏற்கும் ஒரு ஆளும் சேர்ந்து கிடைக்கிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சின்னக் காரில் அந்தப் பொறுப்புக்குப் பெரிய விலை இல்லை. கிளட்ச் போனால் சொந்தப் பணத்தில் மாற்றிக்கொள்ளலாம். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஒரு பாகம் போனாலே ஒரு சின்னக் காரின் விலை கையை விட்டுப் போகும்.

வேகமான வண்டிக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. இத்தகைய கார்களின் முதல் ஓனர்களில் பலர் ஆர்வலர்கள். ஆர்வலர் கையில் இருந்த வண்டி என்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். நல்ல எண்ணெய் ஊற்றியிருப்பார் என்பது உண்மை. எஞ்சின் கணினியை ரீமேப் செய்து இன்னொரு 50 குதிரைத்திறனைக் கூட்டி இரண்டு ஆண்டு ஓட்டியிருப்பார் என்பதும் அதே அளவு உண்மையாக இருக்கலாம். விற்கும் முந்திய வாரம் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிவிட்டால், ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. டர்போவும் கியர்பாக்ஸும் தாங்கிய சுமை மட்டும் உள்ளே இருக்கும். இதைச் சொல்லும் கடமை தனக்கு இருப்பதாக அவர் நினைக்கப்போவதில்லை. கேட்டால்தான் பதில் வரும், அதுவும் வாய்வார்த்தையாக. டீலரிடமோ, "இந்த வண்டியில் ரீமேப் செய்யப்படவில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லலாம். எழுத மறுக்கும் டீலர் எழுதாமலே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

மீட்டரைக் குறைப்பது டீலர்களின் குணம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. குறைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யார்டுக்கு வருவதற்கு முன்பே குறைத்துக் கொண்டுவரும் ஓனர்களும் இருக்கிறார்கள். யார் செய்தாலும் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான். இந்த ஜெர்மானிய, ஸ்வீடன் வண்டிகள் பலவற்றில் ஓடிய தூரம் முன்பலகையில் மட்டும் பதிவதில்லை. எஞ்சின் கணினி, கியர்பாக்ஸ் கணினி போன்ற வேறு இடங்களிலும் தடம் விடும். கம்பெனி ஸ்கேனரை மாட்டி ஒவ்வொன்றாகப் படித்தால், முன்பலகை 42,000 என்று சொல்லும்போது கியர்பாக்ஸ் 90,000 என்று சொல்வது வெளியே வரும். இன்னொருவர் வீட்டுக் கார் நிறுத்தத்தில், அவர் மனைவி காபியோடு வந்து நிற்கும்போது, "வண்டியை முழுசா ஸ்கேன் பண்ணணும் சார்" என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? முகதாட்சண்யம் நம் ரத்தத்தில் இருக்கிறது. கடையில் அந்தத் தயக்கம் தேவையில்லை. கடைக்காரரிடம் கேள்வி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை என்பது இருதரப்புக்கும் தெரியும்.

அந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ஆகியவற்றில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. நான்கு டயர்களின் பக்கச் சுவரிலும் வாரமும் ஆண்டும் சேர்ந்த நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கும் வேறு வேறு பிராண்டு என்றால் வண்டியைப் பராமரித்தவர் எப்படிப்பட்டவர் என்பது விளங்கிவிடும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். க்ளைம் இல்லாமல் ஓடிய முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறும். ஒரே ஓனர் ஆறு வருடம் வைத்திருந்த வண்டியின் பாலிசியில் தள்ளுபடி பூஜ்யம் என்றால், அண்மையில் ஒரு க்ளைம் போயிருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். வண்டி வெளிமாநிலப் பதிவு என்றால் தமிழ்நாட்டு ஆயுள் வரி எவ்வளவு, கட்டப்போவது யார் என்பதை விலை பேசும்போதே தீர்த்துவிடுங்கள். வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும் என்றாலும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 2023 நவம்பர் முதல் 20 சதவீதம் என்னும்போது குறைந்த தொகையும் சின்னதாக இருக்காது.

ஒரு தாளை மட்டும் கவனியுங்கள். டெலிவரி அன்று, மாலை போட்டுப் படம் எடுக்கும் அவசரத்தில், "உள்ள நிலையில், உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். 16ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாமே பார்த்துச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பாதுகாப்பு கிடையாது. எனவே கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கும் நசுங்கலுக்கும் பேரத்தில் விலையைக் குறையுங்கள். கண்ணுக்குத் தெரியாததற்கு எழுத்து வாங்குங்கள்.

"அதுக்கெல்லாம் கோர்ட்டு கோர்ட்டா யார் அலையிறது?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. டீலர் பெங்களூரில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் வழக்கு மதுரைக்கு வரும். அலைய வேண்டியவர் அவர். மேல்முறையீட்டுக்கும் மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது. தனி ஓனர்மீதான சிவில் வழக்குக்கு அவர் குடியிருக்கும் ஊருக்கோ பேரம் நடந்த ஊருக்கோ நாம்தான் போக வேண்டும். இதைத் தெரிந்த பிறகும் எதிரே இருக்கும் யார்டைத் தாண்டி, ரயிலேறிப் போய்த் தெரியாதவர் வீட்டு வாசலில் பணத்தை எண்ணிக் கொடு என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வண்டி நின்றுபோனால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட நீங்கள் கூட வருவீர்களா?

மதுரையின் மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிடமும் ஒரு கோரிக்கை. தங்கள் எல்லையில் அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வாகன டீலர்களின் பெயர், முகவரி, சான்று முடியும் தேதி ஆகியவற்றை அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் புதுப்பியுங்கள்.